ஐரோப்பாவில் மாஸ்டர்ஸ்: எந்த நாட்டுக்குப் போவது, யார் காசில் படிப்பது?

"ஏன் தம்பி, ஜெர்மனியில சும்மாவே சொல்லித் தர்றாங்கன்னு சொல்றீங்க. அப்புறம் எதுக்குப் பன்னெண்டு லட்சம் கட்டச் சொல்றாங்க?"

கோவையிலிருந்து ஒரு அம்மா போனில் கேட்டது இது. மகன் மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு மாஸ்டர்ஸ் போக நிற்கிறான். ஜெர்மனி, நெதர்லாந்து, இங்கிலாந்து மூன்றிலும் இடம் கிடைத்துவிட்டது. மூன்று கடிதத்தையும் மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு வீடே முழிக்கிறது. இதே குழப்பத்தோடு கேட்கிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகத்தான் இந்த ஒப்பீடு.

அந்தப் பன்னிரண்டு லட்சம் படிப்புக் கட்டணம் இல்லை. மாணவர் விசாவுக்காக ப்ளாக்டு அக்கவுண்டில் போட்டுவைக்கும் 11,904 யூரோ. மாதம் 992 யூரோவாக மகன் கைக்கே திரும்பி வரும். வாடகையும் சாப்பாடும் அதில்தான். ஆனாலும் அந்த அம்மா கேட்டது மிகச் சரியான கேள்வி. பேராசிரியர் சம்பளம், ஆய்வகம், கட்டடம், குளிர்காலத்துக்கு ஹீட்டர் என்று ஒரு பல்கலைக்கழகத்துக்குச் செலவு இருக்கிறது. அதை யாரோ கட்டுகிறார்கள். யார் கட்டுகிறார்கள் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. கட்டணப் பட்டியலைத் திறப்பதற்கு முன்னால் இதைப் பாருங்கள் என்பேன். கட்டணம் அடுத்த வருடமே மாறலாம். பணம் வரும் வழி தெரிந்தால் அது எந்தப் பக்கம் மாறும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம்.

## எதை வைத்து அளப்பது

ஒரு காலத்தில் இந்த நாடுகளை ஒரே வரிசையில் நிறுத்திப் பார்க்கவே முடியாது. ஒவ்வொரு நாட்டுப் பட்டத்துக்கும் ஒவ்வொரு பெயர், ஒவ்வொரு நீளம். 1999 ஜூனில் இத்தாலியின் போலோன்யா நகரில் 29 நாடுகள் கையெழுத்திட்ட பிறகுதான் இளநிலை, முதுநிலை என்ற அடுக்கு பொதுவானது. ஜெர்மனி தன் பழைய 'டிப்ளோம்' பட்டத்தைப் பெரும்பாலும் கைவிட்டது அதனால்தான். இப்போது ஒரு வருட முழுநேரப் படிப்பு என்றால் ஐரோப்பியக் கணக்கில் 60 கிரெடிட். ஒரு கிரெடிட் என்பது வகுப்பு, வீட்டில் படிப்பது, தேர்வு எல்லாம் சேர்த்து 25 முதல் 30 மணி நேர உழைப்பு. பட்டங்களுக்கு ஒரே அளவுகோல் வந்துவிட்டது. ஆனால் செலவை யார் ஏற்பது என்பதை ஒவ்வொரு நாடும் தன் இஷ்டப்படியே வைத்துக்கொண்டது.

எனவே நான் பார்ப்பது இவை: பணத்தின் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது, சேர்ந்தபின் நடுவில் கட்டணம் ஏறுமா, கட்டணத்துக்கு வெளியே கையிலிருந்து போவது எவ்வளவு, தேர்வில் சறுக்கினால் என்ன ஆகும், படித்து முடித்தபின் வேலை தேட எத்தனை மாதம் தருகிறார்கள்.

| நாடு | உள்நாட்டு மாணவருக்கு ஆண்டுக்கு | இந்தியாவிலிருந்து வருபவருக்கு | செலவைச் சுமப்பது | வேலை தேட அவகாசம் |
|---|---|---|---|---|
| ஜெர்மனி | கட்டணம் இல்லை | பெரும்பாலான மாநிலங்களில் இல்லை | மாநில அரசுகள் | 18 மாதம் |
| இங்கிலாந்து | இளநிலைக்கு 9,535 பவுண்டு (2025–26) | பல்கலைக்கழகம் வைத்ததே விலை | மாணவர்கள் | 2 ஆண்டு. 2027 தொடக்கத்திலிருந்து 18 மாதம் |
| நெதர்லாந்து | 2,601 யூரோ (2025–26) | பல்கலைக்கழகம் வைத்ததே விலை | அரசு, ஓரளவு மாணவர் | 1 ஆண்டு |
| பின்லாந்து | கட்டணம் இல்லை | 2017 முதல் கட்டணம் உண்டு | அரசு | 2 ஆண்டு |
| பிரான்ஸ் | முதுநிலைக்குச் சுமார் 250 யூரோ | சுமார் 3,900 யூரோ. பல இடங்களில் விலக்கு | மத்திய அரசு | 1 ஆண்டு, சிலருக்குக் கூடுதல் |
| இத்தாலி | குடும்ப வருமானத்தைப் பொறுத்து | பல இடங்களில் அதே முறை | அரசும் குடும்பமும் | ஓராண்டு வரை |

## ஜெர்மனி: வாசல் அகலம், உள்ளே விதிகள் கறார்

ஜெர்மனியில் எப்போதும் இலவசமாகவே இருந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 2005-ல் அரசியல் சாசன நீதிமன்றம், கட்டணம் வாங்கக் கூடாது என்று மத்திய அரசு போட்ட தடையை ரத்து செய்தது. கல்வி மாநிலங்களின் அதிகாரம் என்பது காரணம். உடனே ஏழு மாநிலங்கள் செமஸ்டருக்கு 500 யூரோ வரை வாங்கத் தொடங்கின. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், தேர்தல்களில் அது பேச்சானது, ஒவ்வொரு மாநிலமாகப் பின்வாங்கியது. கடைசியாக லோயர் சாக்சனி 2014-ல் கட்டணத்தை எடுத்தது. ஆக, இப்போதைய இலவசம் மக்கள் போராடி நிலைநிறுத்தியது. உள்ளூர் மாணவர்களைப் பொறுத்தவரை அது எளிதில் அசையாது.

நமக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாம் அங்கே ஓட்டுப் போடுவதில்லை. பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 2017 குளிர்கால செமஸ்டர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் மட்டும் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. பவேரியாவின் புதிய உயர்கல்விச் சட்டம் 2023-ல் நடைமுறைக்கு வந்து, அப்படி வாங்கலாமா என்பதைப் பல்கலைக்கழகங்களின் முடிவுக்கே விட்டது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுநிலைக்கு செமஸ்டருக்கு 4,000 அல்லது 6,000 யூரோ வாங்குகிறது. ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களை அது தொடவில்லை. இதைக் கவனியுங்கள்: மாற்றம் வந்தாலும் புதிதாக வருபவர்களோடு நிற்பதுதான் அங்கே பழக்கம்.

மற்ற இடங்களில் செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகை மட்டும். பெரும்பாலும் அதிலேயே ரயில், பஸ் பாஸும் அடங்கிவிடும். மருத்துவக் காப்பீடு 30 வயதுக்குள் இருந்தால் மாதம் ஏறத்தாழ 140 யூரோ. முப்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த மாணவர் விலை கிடையாது. சில வருடம் வேலை பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இடம் கிடைப்பதற்கே ஒரு கணக்கு இருக்கிறது. நம் சி.ஜி.பி.ஏ.-வை ஜெர்மன் மதிப்பெண்ணாக மாற்றும் பவேரிய சூத்திரம் அது. அதிகபட்சம் 10, தேர்ச்சி 5, உங்கள் மதிப்பெண் 8 என்றால்: பத்தில் எட்டு போக மிச்சம் 2; அதை 5-ஆல் வகுத்து, 3-ஆல் பெருக்கி, 1 கூட்டினால் 2.2. அங்கே 1 தான் உச்சம். பல படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. அதாவது 7.5-க்குக் கீழே இருப்பவர் அங்கெல்லாம் விண்ணப்பித்துக் காசைக் கரைக்க வேண்டாம். 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். சான்றிதழும் (நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தருவது) வாங்கியாக வேண்டும்; அதற்கான நாட்களையும் கணக்கில் வையுங்கள்.

இனி யாரும் விளம்பரத்தில் சொல்லாத விஷயம். நம் ஊரில் அரியர் வைத்தால் அடுத்த செமஸ்டர் எழுதிக்கொள்ளலாம். ஜெர்மனியில் பெரும்பாலான பாடத்திட்டங்களில் ஒரு கட்டாயத் தேர்வை மூன்று தடவைதான் எழுத முடியும். மூன்றாவதிலும் தோற்றால் பதிவை நீக்கிவிடுவார்கள். அதே படிப்பை அந்த நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர முடியாது. இலவசமாக ஓர் இடத்தைத் தரும் அரசு அதை வீணாக்க விடுவதில்லை. நன்றாகப் படிக்கிற பிள்ளைகளும் முதல் செமஸ்டரில் பகுதிநேர வேலையில் மூழ்கி ஒரு தேர்வைக் கோட்டைவிடுகிறார்கள். மற்ற செலவுகளை எப்படியாவது சமாளித்துவிடலாம். இதைச் சமாளிக்க முடியாது.

இரண்டு வருடப் படிப்பு பலருக்கு இரண்டரை வருடமாக நீள்வதும், ஜெர்மன் தெரியாமல் பொறியியல் வேலை கிடைப்பது கடினம் என்பதும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். இன்னொன்று: மாநில அரசின் கஜானா இறுகினால் பல்கலைக்கழகமும் இறுகும். 2025-ல் பெர்லின் தன் பல்கலைக்கழகங்களுக்கான ஒதுக்கீட்டைக் குறைத்தது. உங்கள் பில் ஏறாது. ஆனால் படிப்பில் இடங்களும், ட்யூட்டர்களும், மாணவர் உதவியாளர் வேலைகளும் குறையும்.

## இங்கிலாந்து: வேகம், அதற்கான விலை

இங்கே கதை நேர் எதிர். 1990-கள் வரை உள்நாட்டு மாணவருக்கு இலவசம். 1998-ல் ஆண்டுக்கு 1,000 பவுண்டு, 2006-ல் 3,000, 2012-ல் 9,000. 2012-ல் கற்பிப்பதற்கான நேரடி அரசு மானியத்தைப் பெருமளவு வெட்டி, அந்த இடத்தில் மாணவர் கட்டணத்தை வைத்தார்கள். அப்புறம் அரசியல் பயத்தில் அந்த உச்சவரம்பை ஏற்றவில்லை. 2017 முதல் 2024 வரை 9,250-லேயே நின்றது, விலைவாசி நிற்கவில்லை. உள்நாட்டு மாணவர் ஒவ்வொருவரிடமும் பல்கலைக்கழகத்துக்குத் துண்டு விழும் தொகையை யார் கட்டுவது? உச்சவரம்பே இல்லாத வெளிநாட்டு மாணவர். கன்சல்டன்டுகள் இங்கிலாந்தையே முன்னால் நிறுத்துவதற்கு இது முக்கியமான காரணம்: பல்கலைக்கழகங்களுக்கு நம் பிள்ளைகள் தேவை, அவர்களைக் கொண்டுவருபவர்களுக்குக் கமிஷன் தருகிறார்கள்.

இதனால் என்ன ஆபத்து? வெளிநாட்டு மாணவர் வரத்து குறைந்தால் அந்த நிறுவனமே ஆடுகிறது. 2024 ஜனவரி முதல் பாடவழி (ஆய்வுப் படிப்பு அல்லாத) முதுநிலை மாணவர்கள் குடும்பத்தை அழைத்து வரக் கூடாது என்றானதும் விண்ணப்பங்கள் சரிந்தன. அதன் பிறகு பல பல்கலைக்கழகங்கள் துறைகளை மூடின, ஆசிரியர்களைக் குறைத்தன. சேரும் முன் அந்தத் துறை நடப்பு ஆண்டில் ஆட்குறைப்பு செய்கிறதா என்று தேடிப் பாருங்கள். உள்ளூர்ப் பத்திரிகைகளில் கட்டாயம் வந்திருக்கும்.

நல்லதையும் சொல்ல வேண்டும். மாஸ்டர்ஸ் ஒரே வருடம். மொழிப் பிரச்சினை இல்லை. விடுபட்ட அந்த இன்னொரு வருடத்தில் மகன் சம்பளம் வாங்கினால், கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பிவிடும். வேலை அனுபவமும் கையிருப்பும் உள்ளவர், குறிப்பாக நிதி, சட்டம், மேலாண்மை போன்ற துறைகளுக்கு, இங்கிலாந்தைத் தேர்ந்தெடுப்பதில் நியாயம் உண்டு. கட்டணத்தோடு மருத்துவ வரி ஆண்டுக்கு 776 பவுண்டு, லண்டன் என்றால் ஒன்பது மாதச் செலவுக்குப் பதின்மூன்றாயிரம் பவுண்டுக்கு மேல் வங்கியில் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஜுகேஷன் லோன் எடுத்துப் போகிறவர், வேலை தேடும் அவகாசம் 18 மாதமாகச் சுருங்குவதைக் கடன் தவணையோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

லண்டனிலேயே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. அவர்களுக்கு அரசுக் கடன் கிடைக்கும். 2023 ஆகஸ்ட் முதல் சேர்ந்தவர்கள், சம்பளம் 25,000 பவுண்டைத் தாண்டினால் தாண்டிய தொகையில் 9 சதவீதம் கட்ட வேண்டும். 40 வருடத்துக்குப் பின் மீதி தள்ளுபடி. 30,000 பவுண்டு சம்பளம் என்று வைப்போம். தாண்டியது 5,000, அதில் 9 சதவீதம் 450. சம்பளச் சீட்டில் மாதம் 37 பவுண்டு சொச்சம் பிடிப்பார்கள். 2025–26 விலையில் மூன்று வருடக் கட்டணக் கடன் மட்டும் 28,605. வட்டி 3 சதவீதம் என்றாலே ஆண்டுக்கு 858. கட்டுவது 450. கடன் குறையாமல் வளர்கிறது. பயந்துபோய் ஊரிலிருக்கும் நிலத்தை விற்று இதை அடைக்கிற பெற்றோர் உண்டு. அவசரப்படாதீர்கள். இது வங்கிக் கடன் போல வீட்டு வாசலுக்கு வராது. கிட்டத்தட்ட ஒரு கூடுதல் வருமான வரி.

## நெதர்லாந்து: தரம் உயர்வு, திசை மாறுகிறது

டெல்ஃப்ட், ஐந்தோவன் போன்ற இடங்களின் பொறியியலுக்குக் குறை சொல்ல முடியாது. முதுநிலையில் ஆங்கிலவழிப் படிப்புகளும் ஏராளம். ஆனால் கொள்கை அடிக்கடி திரும்புகிறது. 2015-ல் மாணவர் உதவித்தொகையை நிறுத்திக் கடனாக்கினார்கள். 2023-ல் மறுபடி உதவித்தொகை. நடுவில் படித்தவர்களைத் 'துரதிர்ஷ்டத் தலைமுறை' என்றே அந்த ஊரில் சொல்கிறார்கள். இப்போது ஆங்கிலவழி வகுப்புகளையும் வெளிநாட்டு மாணவர் எண்ணிக்கையையும் குறைக்க வேண்டும் என்ற பேச்சு பலமாக இருக்கிறது. இளநிலைக்குப் போகிறவர்களைத்தான் அது முதலில் தொடும்.

வாடகை வீடுதான் இங்கே பெரிய தலைவலி. அறை கிடைக்காவிட்டால் கிளம்பி வராதீர்கள் என்று பல்கலைக்கழகங்களே மாணவர்களுக்கு எழுதியிருக்கின்றன. கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், பல்கலைக்கழகம் ஒதுக்கும் அறைக்கான தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். அதைத் தவறவிட்டால் முதல் இரண்டு மாதம் ஹாஸ்டல் கட்டிலிலும் தெரிந்தவர் வீட்டு சோபாவிலும்தான் கழியும்.

## பின்லாந்தும் அக்கம்பக்கத்தவர்களும்

வட நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவைச் சாத்தின. டென்மார்க் 2006-ல், ஸ்வீடன் 2011-ல், பின்லாந்து 2017-ல், கடைசியாக நார்வே 2023-ல் ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் கட்டணம் வாங்கத் தொடங்கின. "நார்வேயில் எல்லாருக்கும் இலவசம்" என்று இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும் வீடியோக்களை நம்ப வேண்டாம்.

இவற்றில் பின்லாந்து செய்த சீர்திருத்தம் எனக்குப் பிடிக்கும். 2010-ல் பல்கலைக்கழகங்களை அரசுத் துறையிலிருந்து பிரித்துத் தனிச் சட்ட அமைப்புகளாக்கினார்கள். தொழில்நுட்பம், வணிகம், கலை என்று தனித்தனியாக இருந்த ஹெல்சின்கியின் மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஆல்டோ பல்கலைக்கழகமானது அந்த ஆண்டில்தான். பணம் அரசிடமிருந்தே வருகிறது, ஆனால் எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்பதைவிட எத்தனை பேர் படித்து முடித்தார்கள் என்பதற்கு அதிக எடை. அதனால் பிள்ளை எங்காவது சிக்கிக்கொண்டால் தேடிவந்து கேட்கும் ஆலோசகர்கள் அங்கே உண்டு. ஸ்காலர்ஷிப்போடு இடம் கிடைத்தால் யோசிக்காமல் போகலாம். அது இல்லாமல் முழுக் கட்டணம் என்றால் ஜெர்மனியோடு போட்டி போட முடியாது. சின்ன நாடு, ஃபின்னிஷ் தெரியாதவர்க்கு வேலைச் சந்தையும் சின்னது.

## பிரான்ஸ், இத்தாலி, அப்புறம் ஹங்கேரி பற்றி ஓர் எச்சரிக்கை

பிரான்ஸ் 2019 முதல் வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் வைத்தது. ஆனால் 2007-ல் சுயாட்சி பெற்ற பல்கலைக்கழகங்கள் பல, தங்கள் மாணவர்களுக்கு விலக்குக் கொடுத்து 250 யூரோ அளவிலேயே வாங்கின. எனவே கடிதத்தில் எழுதியிருக்கும் தொகையைப் பார்த்து மலைக்காமல், விலக்கு உண்டா என்று கேளுங்கள். இன்னொரு விஷயம்: பல்கலைக்கழகம் வேறு, 'கிராந்த் எக்கோல்' எனப்படும், கடுமையாக வடிகட்டிச் சேர்க்கும் தனி உயர்கல்வி நிறுவனங்கள் வேறு. பின்னதில் வணிகப் பள்ளிகளின் கட்டணம் இங்கிலாந்துக்குச் சளைத்ததில்லை.

இத்தாலியை நம்மவர்கள் அதிகம் பார்ப்பதில்லை. குடும்ப வருமானம் குறைவு என்று நிரூபித்தால் கட்டணம் அடியோடு குறையும். பிராந்திய அரசின் உதவித்தொகையில் சாப்பாடும் விடுதியும்கூடக் கிடைக்கலாம். ஆனால் வருமானச் சான்று, சொத்துச் சான்று எல்லாவற்றையும் மொழிபெயர்த்துச் சான்றொப்பம் வாங்க வேண்டும். தாலுகா அலுவலகத்துக்கு நாலு நடை நடக்கத் தெம்பிருக்கிற, கையில் பணம் குறைவான குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது இத்தாலிதான்.

ஹங்கேரி 2021 வாக்கில் தன் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களை அறக்கட்டளைகளின் கையில் கொடுத்தது. அவற்றின் நிர்வாகக் குழுக்களில் ஆளும்கட்சிக்கு நெருக்கமானவர்கள் இருந்ததால், 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அந்த அமைப்புகளோடு புதிய நிதி ஒப்பந்தம் செய்வதை நிறுத்தியது. ஒன்றியத்தின் 'எராஸ்மஸ்' மாணவர் பரிமாற்றத்தை இழந்தது ஒரு தவறும் செய்யாத மாணவர்கள். நவீனமாக்கல் என்ற பெயரில் எது நடந்தாலும், நிர்வாகக் குழுவை யார் நியமிக்கிறார்கள் என்று பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு இது போதும்.

## கோவை அம்மாவுக்கு என்ன சொன்னேன்

மகன் சி.ஜி.பி.ஏ. 8.1. ஒரு தேர்வை மூன்று தடவைதான் எழுதலாம் என்ற விதி தெரியும் என்றான். ஜெர்மன் மொழியில் ஏ2 (தொடக்கநிலையின் இரண்டாம் படி) வரை முடித்திருந்தான். யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால், இரண்டு வருடத்துக்கு அதிகபட்சம் இருபத்துநாலு லட்சம். இரண்டாம் வருடத்தில் பாதியாவது பகுதிநேர வேலையில் வந்துவிடும், ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. லண்டன் ஒரே வருடம்தான், ஆனால் கட்டணமும் வாழ்க்கைச் செலவுமாக அதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு, அதுவும் முன்பணமாக. மனையை விற்காமல் அனுப்ப முடிவது ஜெர்மனிக்குத்தான். போகச் சொன்னேன். இதே பையன் 6.8 எடுத்து, மொழி படிக்க மனமில்லாமல், கையில் ஐந்து வருடச் சேமிப்போடு வந்திருந்தால் பதில் மாறியிருக்கும்.

## ஐரோப்பாவிலேயே வளர்ந்த பிள்ளைகளுக்கு

பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் இருக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பல, பிள்ளைகளின் ஆங்கிலப் படிப்புக்காக லண்டனுக்கே குடிபெயர்ந்தன. மாமா வீட்டில் தங்கிப் படிக்கலாம் என்ற அந்த வழி, பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்ஸிட்டோடு அடைபட்டது. 2021 இலையுதிர் காலத்திலிருந்து, பிரிட்டனில் வதிவிட உரிமை பெறாத ஐரோப்பியக் குடிமக்களும் வெளிநாட்டுக் கட்டணமே கட்ட வேண்டும். ஆனால் அதே பிள்ளை கையில் ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருந்தால் நெதர்லாந்தில் மூன்று வருட இளநிலைக்கு 2025–26 கட்டணப்படி 7,803 யூரோதான், அதுவும் ஆங்கிலவழியில் இன்னும் கிடைக்கும் துறைகளில். சுவிஸிலிருக்கும் குடும்பங்கள் இன்னொன்றைச் சரிபாருங்கள்: சூரிச்சின் ஈ.டி.எச். தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2025 இலையுதிர் காலம் முதல், படிப்புக்காகப் புதிதாக வரும் வெளிநாட்டவர்க்குக் கட்டணத்தை 730-லிருந்து 2,190 பிராங்காக்கியது. அங்கேயே குடியிருக்கும் பிள்ளைக்கு அது பொருந்தாது. வேறு நாட்டிலிருந்து வந்து சேரப்போகும் சித்தி மகளுக்குப் பொருந்தும்.